குட்டைக்கால் நாய்களைச் சோடி சேர்க்காதே

போடிநாயக்கனூர்
துன்மதி வருடம் ஐப்பசி 9

குடகு மலையில் மேஸ்திரி வேலை பார்க்கும் என் மகன் சோலைமலைக்கு அப்பன் சின்னமுத்து ஆசி கூறி எழுதுவது. நானும் உன் ஆத்தாளும் இங்கே சுகம், நீயும் மருமகள் சந்திரவல்லியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதே தினமும் எங்கள் நினைப்பு. மலையில் ஏலக்காய் எடுப்பு நடக்கிறது, மழை விட்டபாடில்லை, அட்டை கடித்து என் கால் இரண்டும் புண். ஆத்தாளுக்கு இருமல் தேவலை. உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது, பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டேன், காரணம் வெட்கம்தான்.

நான் கொடுத்தனுப்பிய குட்டைக்கால் நாய்கள் இரண்டையும் கார்த்திகையில் சோடி சேர்க்கப்போவதாகவும், உங்கள் துரைக்குக் குட்டி தருவதாகச் சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். சேர்க்காதே அப்பு. அவற்றின் தாய் சீனி போன செவ்வாய்க்கிழமை செத்துப்போனது. ஒரு வருடத்துக்கு மேலாகவே அதற்குப் பின்னங்கால் இரண்டும் விளங்கவில்லை. நீ கேட்டபோதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதினேனே, அத்தனையும் பொய். உன் சிநேகிதன் கன்னையன் வந்து குட்டிகளைக் கூடையில் வைத்துக் கொண்டுபோன அன்றைக்கே சீனி இழுத்துக்கொண்டுதான் கிடந்தது. அவன் பார்த்துவிடக் கூடாதென்று கொட்டகை மூலையில் சாக்கைப் போட்டு மூடினேன், முனகாமல் இருக்கக் கருவாட்டுத் துண்டு ஒன்றும் போட்டேன்.

ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்பாய். எல்லாம் பெருமைதான். இங்கே எங்கள் தோட்டத்துத் துரையின் குட்டைக்கால் நாயோடு சேர்ந்து நம் நாட்டு நாய் ஆறு குட்டி போட்டதில் மூன்று குட்டை, மூன்று நெட்டை. ஏலக்காய்ச் செடியின் அடியில் தரையோடு காய்ப்பதால் எலி தின்கிறது, நெட்டை நாய் துரத்தினால் செடி ஒடிகிறது, குட்டையோ செடிக்கடியில் நுழைந்தே பிடித்துவிடுகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மூன்று குட்டையில் ஒன்றான சீனியை அதன் கூடப்பிறந்த குட்டை ஆணோடே சேர்த்தேன். சிலமலை, ராசிங்காபுரத்து ஆட்கள் நம் வீட்டு நாயைக் கேட்டு வந்து நின்றபோது மீசையை முறுக்கிக்கொண்டேன்.

சீனிக்கு நடை தளர்ந்ததும் வாதம் என்று நினைத்து, மாடுகளுக்குச் சூடு போடும் மொக்கச்சாமியை அழைத்து முதுகில் மூன்று இழுப்பு இழுக்கச் சொன்னேன். தலையை அமுக்கிப் பிடித்தது நான்தான். பிறகு அதன் அண்ணனுக்கும் அதே கதி. உன் ஆத்தாள்தான், “குட்டையாப் பொறந்ததுக்குத்தான் முதுகு போகுது, நெட்டைக மூணும் மலையேறி ஓடுதுகளே, ஒங்களுக்குக் கண்ணு தெரியலையா” என்றாள். தேவாரத்துக்கு வந்த மாட்டு டாக்டரைக் கேட்டேன். காலைக் குட்டையாக்குகிற அதே வித்துதான் முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தையையும் சின்ன வயதிலேயே கெடுக்கிறது, அது பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, தாய் தகப்பனில் ஒன்று குட்டையானாலே குட்டிகளில் பாதிக்கு இறங்கும், சூட்டால் தீராது என்றார். செத்த அன்று காலையில் பழக்கத்தில் சீட்டியடித்துவிட்டேன். முன்னங்கால்களை ஊன்றி, நான் சூடு போடச் சொன்ன முதுகை இழுத்துக்கொண்டு, முற்றத்தைக் கடந்து வந்து என் காலடியில் படுத்தது. என்மேல் அதற்குக் கோபமே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை அப்பு.

துரை கோபித்தால் என் அப்பன் மறைத்துவிட்டான் என்று சொல், நீ பழி சுமக்காதே. இரண்டையும் கட்டிலிலிருந்து குதிக்கவிடாதே, கொழுக்கவும் விடாதே. ஏற்கனவே சேர்ந்துவிட்டிருந்தால் நெட்டைக் குட்டிகளை மட்டும் கொடு, குட்டைகளை நான் மாசியில் வந்து கொண்டுபோகிறேன், நடை போனாலும் தூக்கி வைத்துச் சோறு போடுகிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி இருக்க வேண்டும். மறக்காமல் உடனே பதில் போடு, திட்டுவதானால் நன்றாகத் திட்டு. ஆனால் அந்த நாய்களுக்கு முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே எழுது, என்னைப் போல் சுகம் என்று எழுதிவிடாதே.

உன்னிடம் தலைகுனிந்து நிற்கும் அப்பன்,
சின்னமுத்து