ஐந்து பேர் சஹன்

13 ஜூலை 2025, ஞாயிறு
மோட்டார் மறுபடியும் மக்கர். குடத்தோடு வாசலுக்கு வந்தால் சைபுல்லா பைக்கில் நிற்கிறான். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். இப்போது சங்கத்தின் செயலாளர். ஊர்க் கல்யாணமும் கூட்டமும் நடக்கிற சங்கக் கட்டடத்துக்கு எழுபத்தைந்து வயதாம். விழா மலர் போடுகிறார்களாம்.

"கட்டடம், பெரிய தெரு, கடல் தெரு, எல்லா வரலாறும் நீங்கதான் எழுதணும் டீச்சர். ஒங்கள விட்டா ஆளில்ல."

உள்ளே வந்து டீ குடி என்றேன். "இருக்கட்டும் டீச்சர்" என்று பைக்கிலிருந்தே பேசிவிட்டுப் போனான். பெரிய தெருக்காரன் எங்கள் கடல் தெருவில் டீ குடித்துவிடுவானா? ஆனாலும் எழுதச் சம்மதித்துவிட்டேன். எனக்கு வெட்கம் ஏது.

22 ஜூலை, செவ்வாய்
எழுத எழுத வருகிறது. உத்தரத்துக்குத் தேக்கு எங்கள் தெரு வள்ளங்களில் வந்தது. சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்பு. சிப்பி பொறுக்கியவர்கள் எங்கள் தெருப் பெண்கள், அம்மாவும்தான். நிலம் பெரிய தெரு கொடுத்தது. அதையும் எழுதினேன். ஓரவஞ்சனைக்காரி என்று யாரும் சொல்லக்கூடாது.

26 ஜூலை, சனி
1950இல் நடந்த திறப்பு விழா விருந்து. எழுதுவதா, வேண்டாமா?

ஐந்து பேருக்கு ஒரு சஹன். ஒரே பெரிய தட்டு, ஒரே சோறு. கை வைத்துவிட்டால் எல்லாரும் முடிக்கும்வரை எவரும் எழக்கூடாது, அதுதான் மரியாதை. அத்தா உட்கார்ந்த சஹனில் மற்ற நால்வரும் பெரிய தெரு. முதல் கவளத்திலேயே ஒருவர் "வயிறு சரியில்ல" என்று எழுந்தார். அடுத்தவருக்கும் வயிறு சரியில்லை. நால்வருக்குமே! முதலில் எழுந்தவர் சைபுல்லாவின் பாட்டனார்.

அத்தா எழவில்லை. ஐந்து பேர் சோற்றின் முன்னால், ஊரே பார்க்க, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாராம். அம்மா சொன்னது. அதன்பின் சாகும்வரை அவர் அங்கே கை நனைக்கவில்லை.

எழுதிவிட்டேன். பாட்டனார் பெயரை மட்டும் விட்டேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்
சைபுல்லா போன் செய்தான். அவன் மனைவி நாஜியாதான் மலரைக் கம்ப்யூட்டரில் அடிக்கிறாளாம்.

"அந்த ஒரு பத்தி மட்டும் வேணாமே டீச்சர். இப்ப யாரு அப்படிப் பாக்குறா?"

யார் பார்க்கிறார்களா? சங்கத்தில் எங்களோடு உட்காருவீர்கள், அது ஊர் பார்க்கிற இடம். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியவர் எவர்? உன் தங்கைக்கு எங்கள் தெருவில் மாப்பிள்ளை தேடினாயாடா? - இதையெல்லாம் கேட்கவில்லை. அந்தப் பத்தியை எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடு என்றேன். "சரிங்க டீச்சர்" என்றான்.

17 ஆகஸ்ட், ஞாயிறு
மலர் வந்தது. பத்தி இல்லை. அந்த இடத்தில், "உயர்வு தாழ்வின்றி ஒரே சஹனில் அமர்ந்து உண்ட ஊர் இது." கீழே ரஹ்மத் நிஷா, தலைமையாசிரியர் (ஓய்வு).

பாவிப்பய. எம் பேரப் போட்டே எங்க அத்தாவ சஹன்லேர்ந்து எழுப்பி விட்டுட்டானே.

24 ஆகஸ்ட், ஞாயிறு
விழாவுக்குப் போனேன். ஒரு முடிவோடுதான் போனேன். பெண்கள் பக்கம் என் சஹனில் நாஜியாவும் பெரிய தெருப் பெண்கள் மூவரும். ஒரு கவளம் எடுத்தேன். எழுந்தேன். "வயிறு சரியில்ல" என்றேன், அறை முழுக்கக் கேட்கும்படி.

எவளுக்கும் உறைக்கவில்லை. "டீச்சருக்கு சுகர்ல, பாத்துப் போங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி. என் இடத்தில் வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். நாஜியா மட்டும் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

எழுபத்தைந்து வருஷப் பழியைத் தீர்க்கப் போனேன். சோடா கொடுத்து அனுப்பினார்கள்.

25 ஆகஸ்ட், திங்கள்
மலரைப் பரணில் தூக்கிப் போட்டேன்.

28 ஆகஸ்ட், வியாழன்
மதியம் கதவு தட்டும் சத்தம். நாஜியா. ஆட்டோவிலிருந்து, துணி மூடிய சஹனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணும் கேக்காதீங்க டீச்சர். உட்காருங்க."

தரையில் உட்கார்ந்தோம். ஐந்து பேர் சோறு, நாங்கள் இரண்டே பேர். கறித்துண்டுகளை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பத்திய டைப் அடிச்சது நாந்தான் டீச்சர். அவுங்க சொன்னப்புறம் அழிச்சதும் நாந்தான்."

வேண்டுமென்றே மெதுவாகத்தான் சாப்பிட்டேன். நான் கை எடுக்கும்வரை அவள் எழவில்லை. பெரிய தெருவிலிருந்து எங்கள் வீட்டில் கை நனைத்த முதல் ஆள்.

கை கழுவும்போது சொன்னாள்: "இங்க வந்து சாப்பிட்டத யாருட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர். மீமிசல்ல அம்மா வீட்டுக்குப் போறேன்னுதான் சொல்லிட்டு வந்தேன்."

சரி என்றேன். இதுவும் எந்த மலரிலும் வராது. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.