கஜபதிக்குக் கிடைத்த அனுமதி

அம்பத்தூர்,
9.12.1997

அன்பு ஜெசிந்தாவுக்கு,

நீயும் பாப்பாவும் அத்தையும் நலம்தானே? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

ஒரு நல்ல சேதி. எங்கள் கம்பெனி கம்ப்யூட்டரில் உள்ள விவரங்களைத் தினமும் டேப்பில் நகல் எடுக்கும் பேக்கப் வேலை என் லாகினில் மட்டும்தான் ஓடும். அதனால்தானே பாப்பா பிறந்தும் எனக்கு லீவு கிடைக்கவில்லை. கூட வேலை பார்க்கும் கஜபதிக்கும் அந்த அனுமதியைக் கொடுக்கலாமா என்று மேனேஜர் ரகுநாதன் சாரிடம் கேட்டேன்.

"சம்பள விவரத்தையெல்லாம் அவன் திறந்து பார்த்தா?" என்று தயங்கினார். நகல் எடுக்கலாம், திறக்கவோ மாற்றவோ முடியாது என்று அவனுக்குத் தனி லாகின் போட்டேன்.

நேற்று சார் முன்னால் ஓட்டிக் காட்டினால், டேப் அசையவே இல்லை! பார்த்தால், டேப்பில் எழுதும் அனுமதியைக் கொடுக்க மறந்திருக்கிறேன். கொடுத்ததும் சுற்ற ஆரம்பித்தது. கஜபதி என் முதுகில் ஒன்று வைத்தான்.

"அண்ணாத்தே, ஓடுது பாரு! இன்னும் இன்னா நின்னுகினு கீற? போய்க் கொயந்தயப் பாரு!"

சாரும் சிரித்துக்கொண்டே லீவுக்குக் கையெழுத்துப் போட்டார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞானஸ்நானம் வைக்க ஃபாதரிடம் பேசிவிடு. பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு, ஆவடியில் ஷூ வாங்குகிறேன். அத்தையைக் கொஞ்சம் கருவாடு எடுத்து வைக்கச் சொல். மெஸ் சாப்பாட்டில் நாக்கு செத்துவிட்டது.

தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், ஓட வேண்டும். இதுவரை நான் கைக்குழந்தையைத் தூக்கியதே இல்லை. வந்ததும் எப்படித் தூக்குவதென்று சொல்லித் தா.

உன்,
கிறிஸ்துதாஸ்