சுவரில் ஊன்றிய கை

பாய்,

பக்கத்து வீட்டில் நோன்புக் கஞ்சி இறக்கியிருக்கிறார்கள். பூண்டும் புதினாவும் கலந்த அந்த வாசனை முத்தியால்பேட்டைச் சந்து முழுக்க நிற்கிறது. ஒரு தூக்கு எனக்கும் வந்தது. மூடியைத் திறக்காமல் மருமகளிடம் கொடுத்துவிட்டேன். சோற்றை வேண்டாமென்று சொல்லும் ஆளா இவள் என்பதுபோல் பார்த்தாள்.

சிறுநீரகம் கைவிட்ட நாம் இருவரும் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம். ஊசி குத்தும்போது நான் முகத்தைச் சுளித்தால், "என்னா தங்கச்சி, எறும்பு கடிச்சிடுச்சா?" என்பீர்கள். பாவி மனுஷன், சிரிக்க வைத்தே நாலு மணி நேரத்தை ஓட்டிவிடுவீர்கள்.

நம் களவாணித்தனம் நமக்குத்தான் தெரியும். குடித்த தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கி எடையை ஏற்றும், பிரஷரையும் ஏற்றும். ஏறிய எடையைப் பார்த்துத்தான் எவ்வளவு நீர் எடுப்பது என்று மெஷினில் வைப்பார்கள். அதிகம் எடுத்தால் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும், வலியில் உயிர் போகும். அதற்குப் பயந்து, எடை பார்க்க ஏறும்போது சுவரில் கையை ஊன்றிக்கொள்வோம். எடை குறைவாகக் காட்டும். நான் ஊன்றினால் நீங்கள் டெக்னீஷியனைப் பேச்சுக்கு இழுப்பீர்கள். நீங்கள் ஊன்றினால் நான்.

போன வருஷ நோன்பில் அன்றைக்கும் அப்படித்தான். முந்தின சாயங்காலம் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்திருந்தீர்கள். முகம் உப்பிக் கிடந்தது, செருப்பு காலில் ஏறவில்லை. உள்ளங்கை முழுக்கச் சுவரில் அழுந்தியிருந்ததைப் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் கட்டில் விரிப்பு ஈரமாக இருக்கிறது என்று டெக்னீஷியனைக் கத்திக் கூப்பிட்டேன்.

டயாலிசிஸ் முடிந்த பிறகு சிஸ்டர் உங்களை விடவில்லை. "பிரஷர் இன்னும் எறங்கல பாய். டாக்டர் வர்ற வரைக்கும் இருங்க."

"வூட்ல எல்லாரும் நோன்பு தொறக்கக் காத்திருப்பாங்கம்மா. நான் போறேன்" என்றீர்கள். வாசலில் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். "சிஸ்டர், எடை தப்பு" என்று மூன்றே வார்த்தை. சொன்னால் என் குட்டும் உடைந்துவிடுமே என்று மூடிக்கொண்டேன். மறுநாள் காலையில் உங்கள் தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது.

இப்போது எடை பார்க்கும்போது சுவரைத் தொடாமல் நேராகத்தான் நிற்கிறேன். கால் இழுக்கிறது, அலறுகிறேன். உங்கள் கட்டிலில் யார் யாரோ வந்து படுக்கிறார்கள். போர்வை அசைந்தால் நீங்கள்தான் என்று இன்னும் திரும்புகிறேன்.

நெல்லித்தோப்புக்குத் துக்கம் கேட்கப் போனபோது உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவரு எப்படிம்மா இருந்தாரு?"

"சிரிச்சிக்கிட்டேதான் கெளம்புனாரு அக்கா."

"அது போதும்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதற்குச் சிரித்தீர்கள் என்பதை இன்னும் நான் அவரிடம் சொல்லவில்லை, பாய்.