அப்பா போட்டுவிட்டுப் போன பூட்டு

மாரியம்மன் துணை

ஹாலிஎல
12.08.2006

அன்பு மகன் சுபாசுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆத்தா புண்ணியத்தில் நான் இங்கே மழையோடு மல்லுக்கட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறேன், நீ அங்கே கட்டாரில் வெயிலோடு எப்படி இருக்கிறாய் என்று எழுது. தோட்டத்து லயத்தில் எல்லாருக்கும் தடிமன், உன் பெரியாயி அத்தைக்கு மட்டும் ஒன்றும் இல்லை, அவள் வாய்க்குப் பயந்து சளியும் கிட்டே போவதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

போன கிழமை போனில் சொன்னாயே, அப்பாவுடைய கம்ப்யூட்டர் திறக்காவிட்டால் உள்ளே இருக்கிறதை எல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லுங்கள் என்று, நான் பட்டென்று போனை வைத்தேன், உனக்குக் கோபம் வந்திருக்கும். சட்டி கழுவுகிற மாதிரி சொல்லிவிட்டாய் மகனே. அதற்குள்ளேதான் அப்பா சிரிக்கிற படம் எல்லாம் இருக்கிறது. அவர் போனபிறகு அதைப் பார்க்கவே பிடிக்காமல் இத்தனை மாதமாகத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன், அடுத்த மாதம் வருஷத் திவசம் வருகிறதே என்று எடுத்தால் பூட்டிக் கிடக்கிறது. மாலை போட்டு மாட்டுவதற்கு வெளியே இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான், அதில் கோழி திருடிப் பிடிபட்டவர் மாதிரி முழிக்கிறார். கடைசியாக முகம் பார்க்கவும் லீவு கிடைக்காமல் போனவன் நீ, உனக்கு அந்த முழியையா அனுப்புவது.

அதனால் உன் பேச்சைக் கேட்காமல் கம்ப்யூட்டரை அப்பாவின் கம்பளியில் சுற்றி, மழைக்குத் தேயிலைக் கொழுந்துச் சாக்கும் போட்டு, அத்தையும் நானும் ஆட்டோவில் டவுனுக்கு ஸலீம் நானாவின் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனோம். அவர்தானே அப்பாவுக்கு அதைப் பழக்கினவர். வழியில் கண்டவர்கள் யாருக்குச் சுகமில்லை என்று கேட்டார்கள், அத்தை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பேச்சுமூச்சில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நானா வயரெல்லாம் கொளுவினார். ஒரு மஞ்சள் வாத்துப் படம் வந்தது, பக்கத்தில் அப்பா என்று இங்கிலீசில் இருக்கிறதாம், பாஸ்வேர்ட் கேட்டது. உன் பேர், தோட்டத்துப் பேர், நீ பிறந்த வருஷம், மாரியாத்தா பேர் எல்லாம் அடித்துப் பார்த்தார், வாத்து அசையவில்லை. உடைத்துத் திறக்கலாம், ஆனால் படங்கள் தப்பும் என்று வாக்குத் தரமாட்டேன் என்றார். பிறகு ஓரத்தில் இருந்த கேள்விக்குறியைத் தட்டினார், பூட்டினவர் தனக்கு மறந்தால் உதவும் என்று எழுதிவைத்த குறிப்பு அதில் வருமாம். வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவள் வாயில் வராதது என்று எழுதியிருக்கிறது என்றார்.

அத்தை சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். "ஒங்க வாயில வராதது என்ன மதினி இருக்கு, எல்லாந்தான் வருது" என்றாள். நானா ஸொரி அடித்தார், தேங்க்யூ அடித்தார். சரிங்க என்று அடித்துப் பாருங்கள், எங்கள் அண்ணன் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை என்று இவள் எடுத்துக்கொடுத்தாள். எனக்குக் குறிப்பைக் கேட்டவுடனே விளங்கிவிட்டது.

அவர் பேர்தான் மகனே. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என் அம்மா என்னைக் கட்டிக்கொடுத்தாள். சங்கக் கடையில் பேர் கேட்டால் கோயில் சுவரில் இருக்கிற மயிலைக் காட்டுவேன், அவர் செத்ததைப் பதியப் போன இடத்திலும் அத்தைதான் சொன்னாள். ஒரே ஒரு தரம் சொல்லு, குறைகிற ஆயுசு என்னுடையதுதானே என்று அந்த மனுஷன் எத்தனை விதமாகக் கேட்டிருப்பார், நான் அசையவில்லை. இப்போது அத்தையை இடித்து, நீ சொல்லு என்றேன். அவளுக்கும் விளங்கிவிட்டது, கையைக் கட்டிக்கொண்டாள். "எங்கண்ணன் என்னையா கேட்டாரு, ஒங்களத்தான. நீங்களே சொல்லுங்க" என்றாள். நானாவைப் பார்த்தேன். அப்பாவோடு ஒன்றாக உட்கார்ந்து எத்தனை வருஷம் பிளேன்டீ குடித்தவர், தனக்குப் பேர் மறந்துபோய்விட்டதாம். "சொல்லுங்கோ அக்கா, மிஷினுக்கு வெக்கம் தெரியாது" என்றார்.

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னேன். திறக்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. நானா குனிந்து பார்த்துவிட்டு, பெரிய எழுத்துக்கான பச்சை லைட் எரிந்துகொண்டிருந்திருக்கிறது, அதுதான் பிழை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். கை தவறிவிட்டதாம், இன்னொரு தரமாம். உன் அப்பா எங்கேயோ இருந்து அந்தாளின் விரலைத் தட்டிவிடுகிறார் என்றே நினைத்தேன். மூன்றாம் தரம் கோபத்தில், அவரையே நேரே நிற்கவைத்துத் திட்டுகிற மாதிரிச் சத்தமாகச் சொன்னேன், ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாத்து போய்விட்டது, கதவு திறந்தது. கம்ப்யூட்டர் முழுக்க உன் அப்பா, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, ஜெயித்தவர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன், சிரித்து முடியும் முன்னே அழுதேன். அத்தை வாய் அன்றைக்குத்தான் அடைத்தது.

அந்தப் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருக்கிறேன், எல்லாப் படமும் இதோடு வருகிற சீடியில் இருக்கிறது, உடையாமல் எடு. பூட்டை எடுத்துவிடவா என்று நானா கேட்டார், வேண்டாம் என்றேன். எந்தெந்தப் பொத்தான் என்று காட்டச் சொல்லிப் பழகிக்கொண்டேன். பொழுதுசாய விளக்கேற்றிவிட்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, வாய்விட்டும் சொல்லித் திறக்கிறேன். இனிக் குறைவதற்கு அவரிடம் என்ன ஆயுசு இருக்கிறது.

திவசத்தன்று அங்கே காக்காய்க்கு ஒரு பிடி சோறு வை, காக்காய் இல்லாத ஊர் என்றால் எந்தப் பறவை வந்தாலும் அப்பா கோபிக்கமாட்டார். ஆத்தா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள், நல்லா இரு. எல்லாம் எழுதினாளே, அந்தப் பேரை மட்டும் எழுதவில்லையே என்று பார்க்காதே. கடிதாசியை வழியில் யாராவது பிரித்து வாசித்தால் நம் கம்ப்யூட்டரைத் திறந்துவிடுவார்கள் அல்லவா, அதற்காகத்தான்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
இராக்கம்மா