எங்க பாடு இல்ல

மார்ச் 4
இதையெல்லாம் எழுத நான் யார் என்று கை கூசுகிறது. மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன், தெரியவில்லை. பேசப் பயப்படுகிறவள் எழுதியாவது பார்க்கட்டுமே.

எண்ணூரில், எங்கள் ஆற்றங்கரையில், பன்னாட்டு ஆய்வு மையம் வரப்போகிறது. கடலோர நீரையும் அதில் வாழ்கிற உயிர்களையும் ஆராய்வார்கள். நான் கள உதவியாளர். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள். என் அடையாள அட்டையை நைனா தன் கழுத்தில் மாட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, ஆபீசர் மாறி கீறேனா?"

மார்ச் 19
ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம். கள அதிகாரி ஜெயஸ்ரீ மேடம் வரைபடத்தில் ஆறு திரும்பும் அலையாத்திக் காட்டு வளைவைத் தொட்டுக் காட்டி, "இங்க யாராவது வலை கட்டுறீங்களா?" என்று கேட்டார். வந்தவர்கள் ஒவ்வொருவராக, "எங்க பாடு இல்ல மேடம்."

பாடு என்றால் முறை. எந்த நாள், எந்த வீடு, எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடிப் பிரித்துக்கொள்வது. இன்று வளைவில் பாடு இருந்தவர்கள் தண்ணீரில் இருந்தார்கள், நைனாவும்தான். பாடு இல்லாதவர்கள்தானே கூட்டத்துக்கு வருவார்கள்!

மேடம் எழுதிக்கொண்டார்: யாரும் பயன்படுத்தாத இடம்.

மார்ச் 20
வளைவில் பாடு உண்டு என்று மேடத்திடம் சொன்னேன். எனக்கே கேட்காத குரலில். மறுபடியும் சொன்னேன். மேடம் கோபப்படவில்லை. "நேத்தே அறிக்கை வெளிநாட்டுக்குப் போயாச்சேம்மா. கட்டடம் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் என்றால் எப்போது? அதைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 27
வளைவைச் சுற்றிக் கரையில் வேலி. தண்ணீரில் மிதவைக் கயிறு.

ஜூன் 11
இன்று நைனா பாடு. காவலாளி திருப்பி அனுப்பிவிட்டான். நனையாத வலையோடு வந்தார்.

அம்மாவின் அண்ணன் சுப்புராஜ் மாமா வாசலிலேயே ஆரம்பித்தார். "மருமவ உள்ள கீறா, மாப்ள வெளிய நிக்கறாரு. நல்ல குடும்பம்பா!" எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும். பிறகு மாமாவே குரல் தாழ்த்திச் சொன்னார்: "ஆத்துல சாம்பல் கொட்னாங்கோ, எண்ணெய் வுட்டாங்கோ, அப்பகூட வலை கட்னோம். ஆத்த காப்பாத்த வந்தவன்தான் நம்மள தொரத்திட்டான்."

ஜூன் 30
மேடம் கூப்பிட்டார். "உள்ளூர் ஆளுக்குத்தான் வேலை குடுக்கணும்னு விதி. உங்கப்பா காவலுக்கு வருவாரா?" நான் பேசாமல் நின்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

நைனா வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். "வூட்லயே குந்திகினு கீறேன். எப்டி வேணான்றது?"

ஆகஸ்ட் 8
மையத்தின் முதல் கூடத்துக்குத் திறப்பு விழா. பல நாட்டுக் கொடிகள். கண்ணாடித் தொட்டியில் எங்கள் வளைவின் இறால் நீந்துகிறது. எல்லோரும் குனிந்து படம் எடுத்தார்கள்.

நீலச் சட்டையில் நைனா வாசலில் நின்றார். காரிலிருந்து மேடம் இறங்க, சல்யூட். பின்னால் நான் இறங்க, எனக்கும். விளையாட்டுக்கா? முகத்தில் சிரிப்பே இல்லை.

ஆகஸ்ட் 10
இனி தினமும் காலையில் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போக வேண்டுமாம். வேலிக் கதவுக்கு என்னிடமும் ஒரு சாவி.

ஆகஸ்ட் 21
நான் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். சுப்புராஜ் மாமா வலையோடு கதவுக்கு வெளியே வந்து நின்றார்.

"எறங்காத மச்சான்," என்றார் நைனா.

"இன்னிக்கு யாரு பாடு? உன் வாயால சொல்லு மாப்ள."

ஊரில் யாருக்கு என்றைக்குப் பாடு என்று சண்டை வந்தால் நைனாவைத்தான் கேட்பார்கள். அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இங்க பாடே இல்ல மச்சான்."

மாமா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 24
மாமா எங்கள் வீட்டு வழியாக நடப்பதில்லை. அம்மா துவைத்துப் போட்ட நீலச் சட்டை கொடியில் காய்கிறது. வலை மூலையில் கிடக்கிறது.

மேடத்திடம் இனிக் கேட்க ஒன்றுமில்லை. கேட்க வேண்டியது நைனாவிடம். விடிந்ததும் கேட்பேன். குரல் நடுங்கக் கூடாது என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன்:

நைனா, இன்னிக்கு நம்ம பாடு. அந்தச் சட்டைய போடாத. வலைய எடுத்துகினு வா, மாமாவையும் கூப்டு. கதவ நான் தொறந்து வெக்கிறேன்.