மேரிலாந்தில் செல்லாத அட்டை

பேக்கர்ஸ்டன், மேரிலாந்து
15 அக்டோபர் 2017

அன்புள்ள எல்வுட்,

கையில் இருக்கும் தீவன மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து படியுங்கள். ஜனவரி கடைசி சனிக்கிழமை எங்கள் ஊர் தீயணைப்பு நிலையக் கூடத்தில் சதுர நடனம். ஆடுகிறவர்கள் அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மேடையில் நின்று அடவு சொல்லப்போவது யார் தெரியுமா? நான்!

இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவர் ஃபுளோரிடாவுக்குக் குடிபோகிறாராம். நடனக் குழுத் தலைவி ஓப்பல் க்ளைன் என் பள்ளிப் பேருந்தை நடுரோட்டில் கைகாட்டி நிறுத்தினாள். "மார்லீன், பஸ் நிறைய பிள்ளைங்களை ஒரே அதட்டல்ல உக்கார வெக்கிற. நாலஞ்சு கிழட்டு ஜோடிங்களை ஆட வெக்க உனக்கு வராதா?" என்றாள். பின்னால் பிள்ளைகளெல்லாம் கை தட்டினார்கள். எனக்குக் கன்னம் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. குளிக்கும்போதும் அடவு, பேருந்து கழுவும்போதும் அடவு.

இனி என் குறை. கோழித் தீவனம் வாங்க உங்கள் கடைக்கு வந்தது மார்ச் மாதம். அன்றிலிருந்து நம் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் ஓடும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வருவது நான்தான். உங்கள் வீட்டில் எந்தப் படி கிறீச்சிடும் என்றுகூட எனக்குத் தெரியும். உங்களுக்கு என் சமையலறைச் சுவரின் நிறம் தெரியுமா? இந்த நடனத்துக்காவது ஆற்றுக்கு இந்தப் பக்கம் வருவீர்களா?

தொலைபேசியில் கேட்டால், செவிடான உங்கள் இடது காதைச் சாக்குச் சொல்லித் தப்பித்துவிடுவீர்கள். அதனால் எழுதிக் கேட்கிறேன்.

அன்புடன்,
மார்லீன் ஸ்டாட்டில்மயர்


கேட்ஸ் ஃபெர்ரி, மேற்கு வர்ஜீனியா
22 அக்டோபர் 2017

அன்புள்ள மார்லீன்,

கடைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். குதிரைக்குப் புல் வாங்க வந்தவரிடம்கூட, "என் சிநேகிதி அடவு சொல்லப்போறாங்க, தெரியுமா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

வருவதற்கு என்ன தடை என்று உங்களுக்கே தெரியும். கடையில் அந்தத் திருடர்கள் இருவரும் நுழைந்து சுட்ட நாளிலிருந்து நான் கைத்துப்பாக்கி இல்லாமல் வாசற்படி தாண்டியதில்லை. எங்கள் மாநிலத்தில் அதற்கு அனுமதிகூட வேண்டாம். நான் வகுப்புக்குப் போய், கைரேகை கொடுத்து, அனுமதி அட்டை வாங்கியது மற்ற மாநிலங்களுக்காகத்தான். வர்ஜீனியா மதிக்கிறது. ஒஹையோ மதிக்கிறது. என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற உங்கள் மேரிலாந்து மட்டும் அதை வெறும் பிளாஸ்டிக் என்கிறது. என் ஓட்டுநர் உரிமத்தை ஒப்புக்கொள்கிறவர்கள் இதை ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது?

ஆனால் நல்ல செய்தி! ஒரு மாநிலத்தின் அனுமதியை எல்லா மாநிலமும் ஏற்க வேண்டும் என்று வாஷிங்டனில் ஒரு மசோதா வருகிறது. அது நிறைவேறிய மறுநாள் உங்கள் வாசலில் நிற்பேன். இடுப்பில் துப்பாக்கி, சட்டைப்பையில் ஒரு சின்னப் பெட்டி. பெட்டிக்குள் என்ன என்று இப்போது கேட்காதீர்கள்.

உங்கள்
எல்வுட் ரிட்டனவர்


பேக்கர்ஸ்டன்
29 அக்டோபர் 2017

அன்புள்ள எல்வுட்,

நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு என்ன பாடுபடுகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை என் மகள் கோரின் பார்த்துவிட்டாள். ஷெரிஃப் அலுவலகத்தில் போலீஸ் வேலை பார்க்கிறவளிடம் எதையும் ஒளிக்க முடியாது.

"ம்மா, சின்னப் பெட்டின்னா மோதிரம்தானே?"

"எனக்கென்ன தெரியும்?"

"மூஞ்சி சொல்லுதே! ஆனா ஒண்ணு. ஆசை தாங்காம அந்தத் துப்பாக்கியோட அவர் பாலம் தாண்டி, எங்கயாவது மாட்டினார்னா விலங்கு மாட்டப்போறது நான்தான். அப்பாவா வரப்போறவரை நானே பின்சீட்டுல ஏத்தி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகணுமா? கல்யாணச் சாப்பாட்டுல எப்படி மூஞ்சியில முழிப்பேன்?"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் எல்வுட், அவள் சொன்னது விளையாட்டில்லை. ஒரு அட்டையை நம்பி எல்லை தாண்டி, வேலையும் பேரும் போனவர்களை அவள் பார்த்திருக்கிறாள். கொண்டுவராதீர்கள். அதை வீட்டில் வைத்துவிட்டு நீங்கள் மட்டும் வாருங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

அடவில் இப்போது ஒரு பாட்டு முழுக்கத் தடுமாறாமல் வருகிறது!

மார்லீன்


கேட்ஸ் ஃபெர்ரி
7 டிசம்பர் 2017

அன்புள்ள மார்லீன்,

மசோதா கீழவையில் நிறைவேறிவிட்டது! நேற்றுச் சாயங்காலம்! கடை ரேடியோவில் சொன்னதும் கால்நடை மருத்துவர் என்னை அப்படியே தூக்கிவிட்டார். "யோவ் எல்வுட், மாப்பிள்ளைச் சட்டையைத் தேச்சு வைய்யா!" என்று கத்தினார். யாரோ காபியில் விஸ்கி ஊற்றினார்கள். அது யார் என்று கேட்க வேண்டாம். இன்னும் மேலவை, அதாவது செனட் ஒன்றுதான் பாக்கி.

இன்னொரு விஷயம். போன வாரம் ஒரு பெண் வந்து நாய் பிஸ்கட் இருக்கும் வரிசையில் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன நாய்ம்மா?" என்றேன்.

"நாய் இல்லை. நீங்கதான் எல்வுட்டா? அம்மா சொன்னதைவிடக் குட்டையா இருக்கீங்க."

கோரின்! அவள் கோட்டுக்குள் துப்பாக்கி இருப்பது என் கண்ணுக்குத் தப்பவில்லை. "உனக்கு மட்டும் ஆறு குறுக்க வராதோ?" என்றேன்.

"போலீஸ்காரங்களுக்கு வேற சட்டம். நானா எழுதினேன்?" என்றாள். போகும்போது, "அம்மா தினமும் தபால்பெட்டியை ரெண்டு தரம் திறந்து பாக்கறாங்க. சீக்கிரம் எதாவது பண்ணுங்க" என்றாள். நாயே இல்லாமல் ஒரு பை பிஸ்கட்டும் வாங்கிப் போனாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

சந்தோஷத்தில் கை நிற்காத
எல்வுட்


பேக்கர்ஸ்டன்
14 டிசம்பர் 2017

அன்புள்ள எல்வுட்,

உங்கள் சந்தோஷத்தைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் என் கோழிகளிடம் கோபித்துக்கொண்டேன்.

மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மசோதா எனக்கு வேண்டாம். உங்களைப் போல வகுப்புக்குப் போய் அட்டை வாங்கியவர் வருவதில் எனக்குப் பயமில்லை. ஆனால் எல்லா மாநிலமும் ஒரே மாதிரி விசாரித்தா கொடுக்கிறது? உங்கள் ஊரில் எப்படி இருக்க வேண்டும் என்று உங்கள் ஊர் சொல்லட்டும். என் ஊரில் எப்படி என்று என் ஊர்தானே சொல்ல வேண்டும்? நான் தினமும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவள். பேருந்துக் கண்ணாடியில் அவர்கள் தலைகளைப் பார்க்கும்போது எனக்கும் பயம் வருகிறது, வேறு விதமாக.

இதில் நீங்கள் எனக்கு ஒத்துவர வேண்டாம். ஆனால் செனட் கைதூக்கினால்தான் எல்வுட் ரிட்டனவர் என் கையால் ஒரு வாய் சாப்பிடுவார் என்றால், அது எனக்கு அவமானமாக இருக்கிறது. என்னைப் பார்க்க வருவதற்கு வாஷிங்டன் எதற்கு ஓட்டுப் போட வேண்டும்?

ஜனவரி 27. நீங்கள் அன்று வராவிட்டால் நானும் பாலம் தாண்டுவதை நிறுத்திவிடுவேன். கோபத்தில் எழுதவில்லை. இரண்டு நாள் வைத்திருந்து, இன்னொரு முறை படித்துப் பார்த்துத்தான் தபாலில் போடுகிறேன்.

மார்லீன்


கேட்ஸ் ஃபெர்ரி
17 ஜனவரி 2018

அன்புள்ள மார்லீன்,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னியுங்கள். செனட் அசையவில்லை. கேட்டால், அதை எடுத்துக்கொள்ளவே போவதில்லை என்கிறார்கள்.

அன்று கடையில் நடந்ததை உங்களிடம் முழுக்கச் சொன்னதில்லை. நல்ல வெயில். கதவு மணி அடித்தது. "வாங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். அவர்கள் கேட்டதை எடுத்துக் கொடுக்கத்தான் போனேன். அதற்குள் ஒருவன் என் இடது காதோரமாகச் சுட்டுவிட்டான். என் கையில் சோளம் அள்ளும் கரண்டி. அதைக் கேடயம் போலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனாம். பக்கத்துக் கடைக்காரர் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். அன்றிலிருந்து வெறுங்கையோடு நிற்கிறேன் என்று தோன்றினாலே எனக்குச் சோளப்புழுதி வாசனை வந்துவிடும்.

புது வருஷத்திலிருந்து பழகிப் பார்க்கிறேன். முதலில் அது இல்லாமல் தபால் நிலையம்வரை போனேன். பிறகு தேவாலயம். ஞாயிற்றுக்கிழமை லாரியில் பாலத்துக்கு வந்தேன். பாதிப் பாலத்தில் 'மேரிலாந்துக்கு நல்வரவு' பலகை தெரிந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மறுகரைக்குப் போய், திருப்ப இடம் கிடைத்ததும் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. வரமாட்டேன் என்று எழுத மனம் வரவில்லை.

எல்வுட்


பேக்கர்ஸ்டன்
19 ஜனவரி 2018

என் அன்பு எல்வுட்,

பேருந்திலேயே உட்கார்ந்து படித்தேன். பிள்ளைகள் ஏறும் நேரம் ஆகிவிட்டது, அதனால் இரண்டு வரி.

நீங்கள் வந்து திரும்பினீர்களே, அந்த இடத்திலிருந்து இரண்டாவது திருப்பத்தில்தான் என் வீடு.

கூடத்தில் கதவுக்குப் பக்கத்தில், முதுகு சுவரில் படுகிற மாதிரி ஓர் இடம் இருக்கிறது. யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்கிறேன்.

மார்லீன்


கேட்ஸ் ஃபெர்ரி
28 ஜனவரி 2018

மார்லீன்! மார்லீன்!

நேற்று உன்னைச் சுற்றி ஊரே நின்றது. கைகொடுத்துவிட்டுக் கிளம்பினேன். இரவெல்லாம் பேசிக்கொண்டே இருக்கிறேன், உன்னிடம்தான். அடடா, 'நீ' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், அதை அடித்துத் திருத்தமாட்டேன்.

மேடையிலிருந்து உனக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். என் பாதியைக் கேள். சிப்பி சூப்பை முடித்துவிட்டு, நீ சொன்ன சுவரோரம் நின்றேன். சிவப்புச் சட்டையில் நீ மைக்கைப் பிடித்ததும் என் மார்பு இப்படி விரிந்தது. இரண்டு பாட்டு ஆயிற்று. மூன்றாவதில், கூரைமேல் அபாயச் சங்கு அலறியது பார், என் செத்த காதே எழுந்துகொண்டது! ஆண்கள் பாதிப் பேர் ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடினார்கள். அவர்கள் ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள், அது தீயணைப்பு அழைப்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஓடுகிற கால்கள் மட்டும் தெரிந்தன. என் வலது கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே வெறும் பெல்ட்.

அந்தக் கையை ஓப்பல் க்ளைன் கப்பென்று பிடித்தாள்.

"நீங்க தீயணைப்புப் படையா?"

"இ... இல்லை."

"அப்ப சுவரை எதுக்குத் தாங்கிட்டு நிக்கறீங்க? ஜோடி குறையுது, வாங்க!"

"எனக்கு ஆடத் தெரியாதும்மா!"

"இங்க யாருக்குத் தெரியும்?"

இழுத்துக்கொண்டு போய் நடுவில் விட்டாள். நீ மேலிருந்து, "நின்ன இடத்துல நிக்காதீங்க, பக்கத்துக் கையைப் பிடிங்க!" என்று கத்தினாய். நான் இடப்பக்கம் திரும்பினால் உலகமே வலப்பக்கம் போகிறது. கோரின் என்மேல் மோதி, "வலது, எல்வுட், வலது! உங்களைச் சும்மா விட்டாலே அரெஸ்ட் பண்ணணும் போலிருக்கே!" என்றாள். அந்தச் சதுரத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். யார் வீட்டிலோ புகைபோக்கியில் பிடித்த தீயை அணைத்துவிட்டு அந்த ஆண்கள் கரி முகத்தோடு திரும்பியபோது, என் இடத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றேன்!

பொய் சொல்ல மாட்டேன். பயம் போய்விடவில்லை. இடுப்பில் அது இல்லை என்பது ஒவ்வொரு பாட்டிலும் எனக்குத் தெரிந்தது. பயத்தோடேயே ஆடினேன். இன்று காலை கடை திறக்கும்போது மறுபடி கட்டிக்கொண்டேன். நாளையும் கட்டிக்கொள்வேன். அந்த மசோதா வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

அந்தச் சின்னப் பெட்டி சட்டைப்பையில்தான் இருந்தது, கூட்டத்தில் எடுக்க வெட்கம். இனி செனட்டுக்காகக் காத்திருக்கமாட்டேன். என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?

எல்வுட்


பேக்கர்ஸ்டன்
1 பிப்ரவரி 2018

என் எல்வுட்,

செய்துகொள்கிறேன். செய்துகொள்கிறேன். தபால்காரர் வாசலை விட்டு இறங்குவதற்குள் சொல்லிவிட்டேன். அவர், "எனக்கு ஏற்கெனவே ஆயிடுச்சுங்க" என்றார்.

மேடையிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. சங்கு அலறியதும் உன் முகம் வெளுத்ததையும், உன் கை போன இடத்தையும் பார்த்தேன். பாட்டை நிறுத்தி இறங்கி ஓடி வரத்தான் காலை எடுத்தேன். அதற்குள் ஓப்பல் முந்திக்கொண்டாள். நான் அடுத்த அடவைச் சொன்னேன், குரல் நடுங்கியது உன் காதில் விழுந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வா. கோழி வேகவைத்து மாவுத்துண்டு போட்டுச் செய்கிறேன். கோரினும் இருப்பாள், அவளுடையதை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லியிருக்கிறேன். எந்தக் கரையில் குடியிருப்பது என்ற சண்டையைச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வரும்போது நல்ல பேனா ஒன்று கொண்டு வா. அந்த மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று உன் செனட்டருக்கு நீ எழுது. தொடவே தொடாதீர்கள் என்று என் செனட்டருக்கு நான் எழுதுகிறேன். ஒரே மேசையில், எதிரும் புதிருமாக உட்கார்ந்து. உன் எழுத்துப் பிழைகளை நான் திருத்தித் தருவேன், கருத்தைத் தொடமாட்டேன். பிறகு தெருமுனைவரை நடந்து போய், இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டு வருவோம்.

உன்
மார்லீன்