தாட்சாயணி அத்தை காத்த மலை

அன்பு மகள் ஹரிப்ரியாவுக்கு நைனா எழுதுறது. நாகலாபுரத்து வேதநாராயண சாமி புண்ணியத்துல நானும் உங்கம்மாவும் நடமாடிக்கினு இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் குவைத்துல ஒரு கொறையும் இல்லாம இருக்கணும்னு உங்கம்மா தினம் வேண்டிக்கினு இருக்கா. லீவுல வந்த இஸ்மாயில் உங்க ஊருக்கே திரும்பிப் போறான், அவன் கையில இந்தக் கடிதாசியையும் வேர்க்கடலைப் பொடியையும் குடுத்து அனுப்புறேன். போன்ல பேசக் கூடாதான்னு நீ கேப்ப. தாட்சாயணி அத்தை போன சேதிய போன்ல சொன்னேனே தவிர, எப்படிப் போனான்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா. நீ ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கறவ, தீக்காயம்னா என்னன்னு உனக்கு நான் சொல்ல வேணாம், அதுக்கே பயந்தேன்.

நீ போனப்புறம் நம்ம மலைக்கு வந்த கார்பன் திட்டம் உனக்கு அரைகுறையாத்தான் தெரியும். வெளிநாட்டுல புகை விடுற கம்பெனிங்க, அதுக்கு ஈடா எங்கயாச்சும் காடு அழியாம நின்னா பணம் கட்டுமாம், அதுல ஒரு பங்கு காட்டைக் காக்கிற ஊருக்கு வரும்னாங்க. வெட்டக் கூடாது, ஆடு மேய்க்கக் கூடாது, தீ வெக்கக் கூடாது. சும்மா நிக்கிற மரத்துக்கு எவன் காசு குடுப்பான்னு நான் சிரிச்சேன். என் தங்கச்சி தாட்சாயணி சிரிக்கல, பொம்பளைங்களைச் சேத்து காவல் குழு வெச்சா. பணமும் வந்துச்சி. வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு, காவல் போறவங்களுக்குக் கூலி, விறகு சுமந்தே கழுத்து வலி கண்ட பக்கத்து வீட்டுக் கன்னிகா இப்ப தையல் மெஷின் வெச்சிக்கினு இருக்கா. சித்திரையில கூட ஓடையில தண்ணி நின்னுச்சி. ஆட்டுக்கார வீராசாமிக்குத்தான் ஆகல. என் ஆட்டை எங்க கட்டுறதுன்னு மீட்டிங்குக்கு மீட்டிங் உங்க அத்தையோட சண்டை. அவர் சொன்னதும் நியாயம்தான், வேற மேய்ச்சல் காட்டுறேன்னவங்க கடைசி வரைக்கும் காட்டவே இல்ல.

இந்தப் பங்குனி கடைசியில ஒரு மத்தியானம் மலையில தீ புடிச்சிச்சி. எப்படி வந்துச்சின்னு இன்னிவரைக்கும் தெரியல. பொம்பளைங்க பச்சைத் தழைய ஒடிச்சி அடிச்சிக்கினே ஏறினாங்க, பின்னால நாங்க. திடீர்னு காத்து திரும்பிச்சி. உங்க அத்தை எல்லாரையும் ஓடை வழியா இறக்கிட்டு, வீராசாமி ஆட்டோட மேல போனத பாத்தேன் அண்ணா, அவருக்குக் காது மந்தம், இங்கிருந்து கத்தினா தெரியாதுன்னு சொல்லிக்கினே அவ திரும்ப ஏறிட்டா. நான் கையப் புடிச்சி இழுத்தேன், உதறிட்டா. வீராசாமி அப்பவே அந்தாண்ட சரிவுல ஆட்டோட இறங்கி நின்னுக்கினு இருந்திருக்காரும்மா. எங்களுக்கு யாருக்கும் தெரியல.

தீயில சிக்கினவள திருப்பதி பெரியாஸ்பத்திரியில சேத்தோம், டாக்டருங்க அவங்களால ஆனதெல்லாம் பாத்தாங்க. ஒரு தரம் கண்ணத் தொறந்து, வீராசாமி வந்துட்டாரான்னு கேட்டா. வந்துட்டாரும்மான்னேன். ஆடு வந்துச்சான்னா. ஆடுங்களும் வந்துடுச்சின்னேன். சிரிச்சா மாதிரி இருந்துச்சி. அதுக்கப்புறம் பேசல.

காரியம் முடிஞ்ச பிறகு திட்டத்தை நடத்துற கம்பெனிக்காரப் பையன் கிஷோர் பெங்களூருல இருந்து வந்தான். அத்தை போட்டோ முன்னால நின்னு அழுதான். அப்புறம் மீட்டிங்குல, எரிஞ்ச இடத்துக்கு இனிமே பணம் வராது, பணம் கட்டுற வெளிநாட்டுக் கம்பெனிங்களும் கொறைஞ்சிடுச்சி, அடுத்த வருஷம் திட்டம் இருக்கும்னு என்னால சொல்ல முடியலன்னு தலையக் குனிஞ்சிக்கினான். அதுக்குன்னே காத்துக்கினு இருந்தா மாதிரி ஒரு செங்கல் சூளைக்காரன் வந்து சேந்தான். மிச்ச மரத்தை நான் வெட்டிக்கினு பணம் தரேன், நீங்க கண்ண மூடிக்கினா போதும்னான். ஊர் ரெண்டாச்சி. அப்ப உங்க மாமா ஆதிநாராயணன் எழுந்து, வெட்டட்டும், என் பொண்டாட்டியத் துன்ன மலை, ஒரு குச்சி விடாம வெட்டட்டும்னாரு. நான் எழுந்து, மாப்ளே, தாட்சாயணி இருந்தா விடுவாளான்னு கேட்டேன். அவ இல்லியே திருவேங்கடம்னாரு. பக்கத்துல இருக்கறவங்கள கேட்டுக் கேட்டு தெரிஞ்சிக்கினு இருந்த வீராசாமி எழுந்து, வெட்டக் கூடாதுன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டாரு. அவர் பக்கம் கன்னிகா கையத் தூக்கினா, அப்புறம் ஒவ்வொருத்தரா தூக்கினாங்க. நானும் தூக்கினேன். உங்க மாமா என்னைப் பாத்துக்கினே எழுந்து போயிட்டாரு.

சூளைக்காரன் போயிட்டான். பணம் வந்தாலும் வராட்டியும் பொம்பளைங்க முறை வெச்சி காவல் போய்க்கினு இருக்காங்க, எத்தினி நாளைக்கு முடியும்னு தெரியல. நான் செஞ்சது சரியா தப்பான்னும் தெரியல. மாமா என்கிட்ட பேசறதில்ல. உங்கம்மா சோறு கொண்டு போனா கதவத் தொறக்காம, வெச்சிட்டுப் போன்னு உள்ள இருந்தே சொல்றாரு. பாதி நாளு அது அப்படியே திரும்பி வருது.

டூட்டி டூட்டின்னு வேளை தப்பி சாப்பிடாத, வெயில்ல அலையாத, மாப்பிள்ளைய விசாரிச்சதா சொல்லு. உங்களுக்கு அந்தப் பெருமாள் தொணை எப்பவும் இருக்கும். ஒண்ணு மட்டும் மறந்துடாத. வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, மாமாவுக்கு ஒரு போன் பண்ணும்மா. உன் போனை அவர் எடுப்பாரு. மலையப் பத்தி பேசாத, என்னைப் பத்தியும் பேசாத. சாப்ட்டீங்களா மாமான்னு மட்டும் கேளு.

இப்படிக்கு,
உன் நைனா
திருவேங்கடம்